அலை ஆற்றும் காட்டுக்கு ஒரு நாள்

"ஒரே ஒரு நாள் போய்த் திரும்புவதற்கு இரண்டு மாத ஆலோசனையா?" என்று எங்கள் தெருவில் சிலர் நகைத்தனர். அவர்கள்மீது எங்களுக்கு வருத்தமில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அவ்வாறு எண்ணியவர்கள்தாம். அந்த எண்ணத்துக்கு நாங்கள் கொடுக்கவிருந்த விலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

எங்கள் அன்பியம் ஆம்பூரில் பதினொரு குடும்பங்களைக் கொண்டது. தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிற்சாலையுமே எங்கள் வீடுகளில் அடுப்பெரியச் செய்கின்றன. ஆண்டு முழுவதும் தோலும் தையலுமாகக் கழிகின்ற வாழ்க்கை. வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. பாலாறு பெயரளவில் எங்கள் ஊரைக் கடந்து செல்கிறது. அதில் நீரோடுவதைக் காண்பதே அரிது. ஆகவே கடல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பிள்ளைகளுக்குக் கண் விரியும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, முதல் நாள் மாலை பேசி முடிவு செய்து, மறுநாள் காலையில் ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரைக்குச் சென்றோம். யார் வருகிறார், எத்தனை பேர், எந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எதுவும் எங்களிடையே எழவில்லை. முதியோர் மணலில் நடக்கவியலாமல் வண்டியிலேயே அமர்ந்துவிட்டனர். இளையோர் நீரில் இறங்கினர். ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தோம். அப்பொழுது எழுந்த ஓர் அலை ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் காலடி மணலை அரித்து, அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து சென்று அவனை மீட்டுக் கொணர்ந்தார். அவர் பெயரைக் கேட்கவும் எங்களுக்கு நினைவு வரவில்லை. ஆண்டவர் அனுப்பிய ஆள் என்றே இன்றளவும் அவருக்காகச் செபிக்கிறோம்.

அந்தச் சிறுவனின் தாய் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையற்பிரிவில் வேலை செய்பவர். கணவரை இழந்தவர். அன்று வீடு திரும்பும்வரை அவர் யாரோடும் பேசவில்லை. யாரையும் குறை கூறவுமில்லை. அந்த மௌனம் எங்களைச் சுட்டது. அதற்குப் பின் எங்கள் அன்பியத்தில் கடல் என்ற பேச்சே எழவில்லை.

கடந்த கார்த்திகையில் ஒரு மாலை, செபமாலை முடிந்து அமர்ந்திருந்தபோது, எங்களுள் மூத்தவரான ஆயா திடீரென்று வாய் திறந்தார். எழுபத்தெட்டு வயது. அவருடைய கணவர் நாற்பது ஆண்டுகள் தோல் தொட்டிகளில் நின்று உழைத்தவர். "அந்தத் தடவை வண்டியிலேயே குந்தியிருந்துட்டேன், கண்ணு. கடல் தண்ணியைக் கையால தொடாமலே போயிடுவேன் போலிருக்கு" என்றார். குறையாகச் சொல்லவில்லை; வெறும் செய்தியாகவே சொன்னார். ஆனால் கேட்டவர் எவருக்கும் அன்றிரவு உறக்கம் எளிதில் வரவில்லை.

அடுத்த வாரமே கூடிப் பேசினோம். இம்முறை எங்கே போவது என்பதை முதலில் பேசவில்லை. யார் யார் போவது என்பதையே முதலில் பேசினோம். ஒரு தாளில் பெயர்களை எழுதினோம். மொத்தம் நாற்பத்து மூன்று பேர். அவர்களுள் அறுபதைக் கடந்தவர் ஒன்பது பேர். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஊன்றுகோலின்றி நடக்கவியலாத இளைஞர் ஒருவர். மூச்சிரைப்பு நோயுள்ளவர் இருவர். தாளைப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. நாங்கள் தேடவேண்டிய கடல் அலை வீசும் கடலன்று. ஆயா கை வைக்கக்கூடிய கடல் வேண்டும்.

பழவேற்காடு என்றார் ஒருவர். போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா திருத்தலம் அங்கே இருக்கிறது. பரந்த ஏரியும் பறவைகளும் உள்ளன. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா எங்களுள் பலருடைய நினைவுக்கு வந்தது. அன்று அந்த ஏரியில் உலாச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். பண்டிகை நாளில் மகிழ்ச்சியாகப் புறப்பட்ட குடும்பங்கள் அவை. அதற்கு இரண்டாண்டு முன்னர், 2009 செப்டம்பரில், தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். நீர் அமைதியாக இருந்தால் போதும், ஆபத்தில்லை என்று எண்ணுவது எத்தகைய பேதைமை என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பிக்கின்றன. ஏரியின் குற்றமன்று அது. ஏறும் ஆட்களின் கணக்கும், அவர்கள் அமரும் முறையும், அணியும் காப்பு அங்கியுமே உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்பவை.

இறுதியில் பிச்சாவரம் என்று முடிவாயிற்று. "எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி'யில் வருமே, அந்த இடமா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். 1975-இல் வெளிவந்த அந்தப் படத்தை அவர் அன்றே பார்த்தவர். ஆம் என்றதும் மூத்தோர் அனைவரும் ஒருமனப்பட்டுவிட்டனர்!

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் விரிந்துள்ளது பிச்சாவரத்துக் காடு. நிலத்தில் நிற்கும் காடன்று; உப்புநீரில் நிற்கும் காடு. கடலுக்கும் அதற்கும் நடுவே நீண்ட மணல் திட்டு ஒன்று மதில்போல் கிடக்கிறது. அலைகள் அங்கேயே நின்றுவிட, கடல்நீர் மட்டும் முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து, எண்ணற்ற கால்வாய்களில் புகுந்து, ஏற்றத்தின்போது உயர்ந்தும் வற்றத்தின்போது தாழ்ந்தும் அமைதியாக உலவுகிறது. சுரபுன்னை மரங்கள் கிளைகளிலிருந்தும் தண்டிலிருந்தும் வேர்களை ஊன்றுகோல்போல் சேற்றில் இறக்கி நிற்கின்றன. கண்டல் மரங்களோ மூச்சு வாங்குவதற்காகச் சேற்றுக்கு மேலே விரல்விரலாக வேர்களை நீட்டிக்கொண்டிருக்கின்றன. சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, நீண்ட காயாகத் தொங்கி, பிறகுதான் தாயைவிட்டுப் பிரிகிறது. வளர்ந்த பின்பே பிள்ளையை வெளியே அனுப்பும் அந்த மரத்தைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் அதன் மனம் புரியும்.

இத்தகைய காட்டுக்குத் தமிழில் அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றுகின்ற காடு என்று அதற்குப் பொருள் கூறுவர். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை வந்தபோது அந்தப் பெயர் மெய்ப்பட்டது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணியர் பலரை அலை கொண்டு சென்ற அதே காலைப்பொழுதில், பிச்சாவரத்துக் காட்டின் பின்புறத்தே இருந்த சிற்றூர்கள், திறந்த கரையில் இருந்த ஊர்களைக் காட்டிலும் மிகக் குறைந்த சேதத்தோடு தப்பின என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். 2022-ஆம் ஆண்டில் இந்தக் காடு, உலகப் புகழ்பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இடம் முடிவானவுடன் இன்னொரு சோதனை வந்தது. "அவ்வளவு தூரம் போகிறோம், சிதம்பரத்தில் கடைவீதியைப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார் ஒருவர். "வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பத்துப் பெரியநாயகி ஆலயம் அந்தப் பக்கந்தானே?" என்றார் மற்றொருவர். "இன்னும் நூறு கிலோமீட்டர் போனால் வேளாங்கண்ணி" என்றார் மூன்றாமவர். பக்தியாயினும் ஆசையாயினும் அளவு மீறினால் முதியோரின் முதுகெலும்புதான் விலை கொடுக்கவேண்டியிருக்கும். ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று உறுதி செய்தோம். அன்னையிடம் பிறிதொரு நாள் தனியே செல்லலாம். போகிற வழியில் எட்டிப்பார்ப்பது அவளுக்குப் பெருமையாகாது என்று பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே கூறியதும் வழக்கு முடிந்தது.

ஆம்பூரிலிருந்து வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், சிதம்பரம் என்று சென்று, கிள்ளை வழியாகப் பிச்சாவரத்தை அடையவேண்டும். ஒரு வழிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நின்று செல்லும் பேருந்துக்கு ஏறத்தாழ ஆறேழு மணி நேரம். திங்கள் காலையில் ஆலைச்சங்குக்கு முன் வாயிலில் நிற்கவேண்டியவர்கள் எங்களுள் பலர். ஆகவே ஞாயிறு விடியற்காலை இரண்டு மணிக்குப் புறப்பட்டு, மாலை மூன்று மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிடுவது என்று வகுத்தோம். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றால் ஞாயிறு கடன் நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. அனைவரும் அந்தத் திருப்பலிக்கு வந்து, நற்கருணை உட்கொண்டு, வீடு சென்று சிறிது உறங்கிய பின்னரே பேருந்தில் ஏறுவது என்றும் தீர்மானித்தோம்.

வாடகைப் பேருந்து பேசும்போது எங்களுள் ஒருவர் கேட்ட கேள்வி மற்றவர்களுக்குத் தோன்றாதது. "ஓட்டுநர் சனிக்கிழமை பகலில் உறங்குவாரா?" என்று அவர் கேட்டார். இரவில் சாலையில் நாற்பத்து மூன்று உயிர்களைச் சுமப்பவர் அவரல்லவா? இரண்டாவது ஓட்டுநர் ஒருவரும் உடன்வர ஏற்பாடாயிற்று. அதற்கான கூடுதல் செலவை எல்லாரும் மனமுவந்து ஏற்றோம்.

பணத்துக்கு ஓர் உண்டியல் வைத்தோம். தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் இல்லாதவர் ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லி விலகிக்கொள்வர். உண்மைக் காரணத்தைச் சொல்லமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வாரமும் செபக்கூட்டத்தின் முடிவில் உண்டியல் ஒரு சுற்று வரும். அவரவர் இயன்றதை இடலாம். யார் எவ்வளவு இட்டார் என்பது உண்டியலுக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். ஆலயக் கருவூலத்தில் ஏழைக் கைம்பெண் இட்ட காசைக் கண்டு வியந்த இயேசு எங்கள் உண்டியலையும் பார்த்திருப்பார். எட்டு வாரத்தில் செலவுக்குப் போதுமான தொகை சேர்ந்தது.

நாளைத் தேர்ந்ததிலும் கருத்து இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்தக் கரையைத் தாக்கும். பொங்கல் விடுமுறையில் கூட்டம் மிகுதி. கோடையிலோ வெயில் முதியோரை வாட்டிவிடும். பிப்ரவரி முதல் ஞாயிறே ஏற்றது என்று கண்டோம். வெளிநாட்டுப் பறவைகள் அப்போது இருக்கும், தவக்காலமும் தொடங்கியிராது.

இவ்வளவும் முடிந்த பின்னரும் தாளில் இரண்டு பெயர்களுக்கு எதிரே இன்னும் கேள்விக்குறி நின்றது. நீரில் இழுக்கப்பட்ட அந்தச் சிறுவனும் அவன் தாயும். அவனுக்கு இப்போது பதினொரு வயது. போகலாம் என்று அவனுக்கு ஆசை. "கடலை ஒரு முறை பார்த்தது போதும், அண்ணா" என்று தாய் சொல்லிவிட்டார். அவரை வற்புறுத்துவது முறையன்று. ஆனால் அவர்களை விட்டுச் செல்வதும் எங்களுக்கு இயலவில்லை.

ஆகவே குறித்த நாளுக்கு இரு வாரம் முன்னதாக எங்களுள் இருவர் சென்று இடத்தைப் பார்த்து வந்தோம். பேருந்து நிற்குமிடத்திலிருந்து படகுத்துறைக்கு எத்தனை அடி, படிகள் எத்தனை, கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, குடிநீர் உண்டா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை அது. துடுப்புப் படகும் இயந்திரப் படகும் உண்டு. குறுகிய கால்வாய்களில், மரக்கிளைகள் பந்தலிட்ட வழியே, துடுப்புப் படகுதான் செல்லும். ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம், சிறுவர் அளவுக்குக் காப்பு அங்கி இருக்கிறதா, ஊன்றுகோல் கொண்டு நடப்பவரை எவ்வாறு ஏற்றுவது என்று துறையிலுள்ளோரைக் கேட்டோம். முதிர்ந்த ஓடக்காரர் ஒருவர் பொறுமையாக விடையளித்தார். ஆழம் எவ்வளவு என்று கேட்டதற்கு, எங்களைச் சிறிது தூரம் அழைத்துச் சென்று, கழியை நீரில் ஊன்றிக் காட்டினார். அந்த இடத்தில் மார்பளவு இருந்தது. "ஆழம் கம்மின்னு அசட்டையா இருக்கக் கூடாதுங்க. அடியில சேறு. கால் பதிஞ்சா நீச்சல் தெரிஞ்சவனும் தவிப்பான். அங்கியைக் கழற்றாம, எழுந்து நிக்காம இருந்தாப் போதும்" என்றார்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயின் இல்லத்துக்குச் சென்றோம். அழைக்கச் செல்லவில்லை, கண்டதைச் சொல்லச் சென்றோம். அவர் கேட்ட முதற்கேள்வி, "ஆழம் எவ்வளவு?" என்பதே. கழியின் கதையைச் சொன்னோம். சேற்றைப் பற்றி ஓடக்காரர் சொன்னதையும் மறைக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இதைக் கேட்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?" என்றார். ஆம் என்றோம். "அப்படியானால் வருகிறோம்" என்றார். ஐந்தாண்டுகளாக எங்கள் உள்ளத்தில் கிடந்த பாறாங்கல் அன்று சற்றே அசைந்தது.

உணவைப் பற்றி இரண்டொரு சொல். ஆம்பூர்க்காரர் போகுமிடமெல்லாம் பிரியாணி அண்டாவும் போகவேண்டும் என்பது எழுதாத சட்டம்! ஆயினும் நள்ளிரவில் ஆக்கிய பிரியாணி மறுநாள் நண்பகலில் வயிற்றுக்கு எதிரியாகிவிடும் என்று எங்கள் மகளிர் ஒருமுகமாகத் தடுத்துவிட்டனர். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, வறுத்த கடலைத் துவையல், அவித்த முட்டை என்று எளிய உணவே கட்டப்பட்டது. எச்சில் இலையும் காகிதமும் போட்டுத் திரும்பக் கொண்டுவரச் சாக்குப்பை இரண்டு எடுத்துக்கொண்டோம். பிறர் காட்டில் நம் குப்பையை விட்டுவருவது விருந்தினர்க்கு அழகன்று.

பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் மூன்று கட்டளைகள் கற்பிக்கப்பட்டன. படகில் எழுந்து நிற்கலாகாது. ஏதேனும் பறவையைக் கண்டு எல்லாரும் ஒரே பக்கம் சாயலாகாது. கரையில் எந்தக் கிளையையும் ஒடிக்கலாகாது. மூன்றாவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காட்டில் தில்லை என்ற மரமும் வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த மரம் அதுவே. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். பார்வைக்கே கேடு நேரலாம். ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் பெற்றோர் அல்லாத இன்னொரு பெரியவரும் பொறுப்பாளர். அந்தப் பெரியவரின் பெயரைப் பிள்ளையும், பிள்ளையின் பெயரைப் பெரியவரும் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும் என்பது விதி.

அந்த நாளும் வந்தது. திருவண்ணாமலையைக் கடக்கையில் பேருந்து முழுவதும் உறக்கத்தில் இருந்தது. விழுப்புரம் தாண்டிக் கிழக்கு வெளுத்தபோது காலைச் செபம் சொன்னோம். ஒன்பது மணி அளவில் பிச்சாவரத்தில் இறங்கினோம். இறங்கியதும் எண்ணினோம், படகேறுமுன் எண்ணினோம், இறங்கிய பின்னும் எண்ணினோம். நாற்பத்து மூன்று. அந்த எண் எங்களுக்கு ஒரு செபம்போல் ஆகிவிட்டது.

ஆயாவை இருவர் இருபுறமும் தாங்கிப் படகில் அமர்த்தினோம். அதே படகில் அந்தத் தாயும் மகனும் ஏறினர். காப்பு அங்கியின் கட்டுகளைத் தாய் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். படகு நகர்ந்தது. பரந்த நீரைக் கடந்து குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும், இருபுறத்து மரங்களும் மேலே கைகோத்து நிழலிட்டன. துடுப்பின் ஓசையன்றி வேறோசை இல்லை. வெண்கொக்கு ஒன்று வேரின் மேல் நின்று எங்களைப் பார்த்தது. நாங்களும் அசையாமல் அமர்ந்தபடியே அதைப் பார்த்தோம்.

"இதுவா கடல்? அலையே இல்லையே" என்றார் ஆயா. கடல்நீர்தான், அலையைக் காடும் மணல் திட்டும் வாங்கிக்கொள்கின்றன என்று ஓடக்காரர் விளக்கினார். ஆயா மெல்லக் குனிந்து கையை நீரில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு ஈரவிரலை நாவில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு. நம்ம வீட்டுக் கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்குது. இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்?" என்றார்.

படகிலிருந்தோர் அனைவரும் சிரித்தோம். அந்தச் சிறுவன்தான் முதலில் சிரித்தான். நீரின் மீது அவன் சிரித்ததைக் கேட்ட தாய், ஐந்தாண்டுகளுக்குப் பின், தம் பிடியைச் சற்றே தளர்த்தியதைக் கண்டோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஆயாவின் சொல் எங்கள் நெஞ்சில் தங்கிவிட்டது. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

எங்கள் ஊர்ப்பகுதியில் பல கிணறுகளின் நீர் உப்பேறிப் போயிற்று என்பது ஊரறிந்த உண்மை. பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிடுகிறோம். பதனிடுமுன் அந்த உப்பைக் கழுவுகிறோம். கழுவிய நீர் பல்லாண்டுகள் மண்ணிலும் பாலாற்றிலும் கலந்தது. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். பிறகு குரோமிய உப்பும் வந்து சேர்ந்தது. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கினும் கெட்டுப்போன கிணறுகள் அனைத்தும் இனித்துவிடவில்லை. எங்களுக்குச் சோறிடுவதும் அந்தத் தோல். எங்கள் கிணற்றைக் கெடுத்ததும் அதைக் கழுவிய நீர். இதில் யாரைப் பழிப்பது? சுரபுன்னைப் பட்டையிலும் தோல் பதனிடும் துவர்ப்புச் சத்து மிகுதி. உலகின் பல கரைகளில் அதற்காகவே அம்மரங்களை உரித்திருக்கிறார்கள். நம் தொழிலுக்கும் அந்தக் காட்டுக்கும் அப்படியும் ஓர் உறவு உண்டு.

அந்தக் காட்டுக்கும் ஒரு துயரக் கதை இருக்கிறது. பழங்காலத்தில் விறகுக்காகவும் மரத்துக்காகவும் பகுதி பகுதியாக அதனை முற்றாக வெட்டினர். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, தாழ்ந்து, பள்ளமாயிற்று. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்தது. உப்பில் வாழப் பிறந்த மரமும் அந்த மிகையுப்பில் முளைக்கவில்லை. பின்னர் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்து, 1990-களில், மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, தேங்கிய நீர் ஏற்றவற்றத்தோடு வந்துபோக வழிசெய்தனர். உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் தழைத்தன, பொட்டல் மீண்டும் காடாயிற்று. வெட்டியதும் மனிதக் கை. மீட்டதும் மனிதக் கை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இப்பூமியை நமது பொது இல்லம் என்று அழைத்ததன் பொருள், அந்தக் கால்வாயில் அமர்ந்திருந்தபோது எங்களுக்கு விளங்கியது. உப்பை ஆண்டவர் எங்கே வைத்தாரோ அங்கே அது காடு வளர்க்கிறது. நாம் இடம் மாற்றி வைத்த உப்பையும் ஒரு நாள் நாமே வெளியேற்ற முடியும், பொறுமையும் ஒற்றுமையும் இருந்தால்.

நண்பகலில் கரையில் நிழலில் அமர்ந்து உண்டோம். புளிச்சோற்றைப் பற்றி முணுமுணுத்தவர்களும் இரண்டாம் முறை வாங்கினர். ஊன்றுகோல் கொண்டு நடக்கும் இளைஞர் மறுமுறை படகேறினார். மூன்று மணிக்குப் புறப்பட்டு, இரவு பத்து மணி கடந்து ஆம்பூர் வந்தோம். இறங்கும்போதும் எண்ணினோம். நாற்பத்து மூன்று.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் பங்கிலும் கோடையிலோ விடுமுறையிலோ இத்தகைய பயணம் எழலாம். இடத்தைத் தேடுமுன் ஆட்களை எழுதுங்கள். அவர்களுள் மிகவும் தளர்ந்தவர் யாரென்று பாருங்கள். அவர் போகக்கூடிய இடத்தையே எல்லாருக்கும் உரிய இடமாகக் கொள்ளுங்கள். முன்னதாக இருவர் சென்று பார்த்து வாருங்கள். படகில் ஏறும் எண்ணிக்கையிலும் காப்பு அங்கியிலும் யாருக்காகவும் விட்டுக்கொடாதீர்கள். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற நல்லாயன் எண்ணத் தெரிந்தவர்; எண்ணியதால்தானே ஒன்று குறைந்தது அவருக்குத் தெரிந்தது!

திரும்பும் வழியில் அந்தச் சிறுவன் தாயின் தோளில் சாய்ந்து உறங்கினான். தாயும் உறங்கிவிட்டார். முன்னிருக்கையில் ஆயா மட்டும் விழித்திருந்தார். அவர் மடியில் ஒரு சிறிய புட்டி இருந்தது. அதில் பிச்சாவரத்து நீர். "எதற்கு ஆயா?" என்றோம். "கிணத்துத் தண்ணியும் இதுவும் ஒண்ணுதான்னு சொன்னேன். வீட்டுக்குப் போய் ரெண்டையும் வெச்சுப் பார்க்கணும். நம்ம பிள்ளைங்க காலத்துலயாவது ரெண்டும் வேற வேறயா இருக்கணும், கண்ணு" என்றார்.

அவருடைய ஆசை எங்கள் செபமாயிற்று. இப்போது ஒவ்வொரு செபக்கூட்டத்திலும் நோயாளர்களுக்காகவும் இறந்தோருக்காகவும் வேண்டிய பின், எங்கள் பாலாற்றுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்கிறோம்.